கொக்கி இல்லாத கூரை

இந்தக் கட்டடத்தின் கூரையில் எங்குமே ஒரு கொக்கி கிடையாது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். அடுத்த வரி தெரியும், எழுதத்தான் கை வரவில்லை. ஏன் கிடையாது என்று எழுத வேண்டும். என் வீட்டுக்காரர் போன வாரமே சொல்லிவிட்டார், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, ஏதோ மதகு கட்டுவதைப் பற்றிச் சொல்வதுபோல. "உள்ள இருக்கறவங்க தனக்குத்தானே எதுவும் பண்ணிக்கக் கூடாதுன்னு எதையுமே மாட்ட முடியாதபடி கட்டியிருக்கான் வெள்ளைக்காரன். கொக்கி இல்ல, வளையம் இல்ல, சன்னல் கம்பிகூட எட்டாது. என்ன மூளை பாரு தமயந்தி." மூளை என்று சொல்லும்போது ஒரு பருக்கை அவர் மீசையில் ஒட்டியிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொதுப்பணித் துறையில் பொறியாளர், பெயர் அறிவழகன், இந்த மனநோய் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, அதனால்தான் வளாகத்துக்குள்ளேயே எங்களுக்கு வீடு. ஆஸ்பத்திரிக்கு நூறு வயதாகிறதாம், மலர் போடுகிறார்களாம், அதில் கட்டட வரலாறு என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். அவருக்கு அளக்க வரும், வரைய வரும், எழுத வராது. "நீதான் கான்வென்ட்டாச்சே, பழைய இங்கிலீஷையெல்லாம் படிச்சுட்டு அழகாத் தமிழ்ல எழுதிடேன், அவன் தூங்கற நேரத்துல." அவன் தூங்குகிற நேரத்தில்தான் எழுதுகிறேன். எதிரே தூளியில் தூங்குகிறான், கபிலன், பிறந்து இரண்டு மாதம். தூளி கட்ட வேண்டும் என்று வந்தபோதுதான் இந்த வீட்டில் கொக்கி இல்லாததே எங்களுக்குத் தெரிந்தது. கூரையில் துளை போட ஆள் வந்தான், செங்கல் பொடி கட்டிலெல்லாம் கொட்டியது, பக்கத்து வீட்டு வேதநாயகி அக்கா வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தாள், இவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து, "நூறு வருஷத்துல முதல் கொக்கி, எம் பையனுக்கு" என்றார். அவ்வளவு உயரத்திலிருந்து கயிறு இறங்குகிறது. தொட்டால் போதும், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் போய்வருகிறது தூளி. நான் தொடுவதில்லை. ஒரு துணியைக் கட்டித் தூரத்திலிருந்து இழுக்கிறேன். எனக்குக் கொக்கியைப் பார்த்துப் பயமில்லை. என் கையைப் பார்த்துத்தான் பயம். இந்தக் கை அவனை ஏதாவது செய்துவிடும். செய்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது, தோன்றுகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் என்னை எங்கே கொண்டுபோவார்கள் என்பதற்கு நான் வெகுதூரம் யோசிக்க வேண்டியதே இல்லை, வாசலில் எட்டிப்பார்த்தால் எதிரே பெண்கள் வார்டு தெரிகிறது.

அது வந்தது எண்ணெய் வைக்கும்போது. அம்மா இருந்தவரைக்கும் அம்மாதான் அவனைக் குளிப்பாட்டினாள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் அவனைக் கிடத்தி, கையைக் காலை இழுத்துவிட்டு, மூக்கைப் பிடித்துவிட்டு, சாம்பிராணி காட்டி, ஏதோ சப்பாத்தி மாவு மாதிரி அவனைப் புரட்டி எடுப்பாள், அவனும் அதற்கப்புறம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். அப்பாவுக்கு இருமல் என்று அம்மா லால்குடிக்குப் போய்விட்டாள். முதல் நாள் நானே. உள்ளங்கையில் எண்ணெய் விட்டு உச்சியில் வைத்தேன். உச்சிக்குழி துடித்தது. அது துடிக்கும் என்று தெரியும், எல்லாக் குழந்தைக்கும் துடிக்கும், ஆனால் என் உள்ளங்கைக்கு அடியில் எலும்பே இல்லாமல், ஒரு வாழையிலைக்கு அந்தப் பக்கம் ஏதோ உயிர் இருக்கிற மாதிரி துடித்தபோது, அழுத்து என்று ஒரு நினைப்பு வந்தது. குரல் இல்லை. குரல் என்றால் எதிர்க் கட்டடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்பது, அது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது நான்தான். என் சொந்த நினைப்பு, என் தமிழில், நான் கடுகு டப்பாவை எடு என்று நினைக்கிற அதே சாதாரணத்தில். கையை உதறி எடுத்தேன், எண்ணெய் சுவரெல்லாம் தெறித்தது. அன்றையிலிருந்து அவன் தலையைத் தொடவில்லை. தோளில் போட்டால் தலை என் கன்னத்தில் படுகிறது, ஆகவே தோளில் போடுவதில்லை. அரிவாள்மணையைப் பரணில் ஏற்றிவிட்டேன், காயைக் கையால் ஒடித்துப் போடுகிறேன், இவர், என்ன இது முருங்கைக்காய் இவ்வளவு நார் என்கிறார். வெந்நீரை ஆற வைத்து, ஆற வைத்து, சில்லென்று ஆன பிறகு துணியால் துடைத்துவிடுகிறேன். தலையில் அழுக்கு செதில் செதிலாகப் படிந்துவிட்டது. வேதநாயகி அக்கா அவன் தலையைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பிள்ளை தலை மீன் தோலாட்டம் இருக்கு, எண்ணெய் வைக்கிறதில்லையா? எஞ்சினியர் வீட்டுல எண்ணெய்க்குப் பஞ்சமா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். நன்றாகத்தான் சிரிக்கிறேன், எல்லாரிடமும்.

நினைத்தால் செய்த மாதிரிதான் என்று சொல்லிக்கொடுத்தது சிஸ்டர் பெனடிக்டா. எட்டாம் வகுப்பு, நீதி போதனை, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். எண்ணத்தால், சொல்லால், செயலால் என்று கரும்பலகையில் மூன்று படி வரைந்து, முதல் படியில் சாக்பீஸை ஊன்றி, "திருடன் இங்கேயே திருடன் ஆகிவிட்டான், கை பிறகுதான் போகிறது" என்றார்கள். ஆறாம் வகுப்பில் எப்போதோ பக்கத்துப் பெண்ணின் ஜியோமெட்ரி பாக்ஸுக்கு ஆசைப்பட்டதை நினைத்தே எனக்கு அன்று ராத்திரி ஜுரம். கிறிஸ்தவப் பெண்களுக்காவது மாதத்துக்கு ஒரு தடவை கோயிலுக்குள் பாவத்தைச் சொல்ல அந்த மரக்கூண்டு இருந்தது, முட்டி போட்டுச் சொல்லிவிட்டு வருவார்கள், வரும்போது குச்சி ஐஸ் தின்றுவிட்டு வருகிற முகம். நாங்கள், இந்துப் பெண்கள், வெளியே வேப்பமரத்தடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். அவர்களில் ஃபிலோமினா கேட்பாள், "நீங்கல்லாம் என்னடி பண்ணுவீங்க? உங்க சாமிக்கு இவ்ளோ கை இருக்கு, கேக்கறதுக்கு ஒரு ஜன்னல் வைக்கலையே." எல்லாரும் சிரித்தோம். எனக்கு அது சிரிப்பாக இல்லை. இப்போதும் இல்லை. முதல் படியில் நான் ஏறியாகிவிட்டது. இரண்டாம் படி சொல். யாரிடமாவது சொன்னால் அதுவும் ஆகிவிடும். அப்புறம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதனால்தான் சொல்லக் கூடாது, சொல்லாமல் இருந்தால் நடுப்படி காலியாக இருக்கும், தாண்ட முடியாது. இது என்ன கணக்கு என்று எனக்கே தெரிகிறது, தெரிந்தும் அதிலேயே சுற்றுகிறேன், செக்கு மாடு மாதிரி. தூளி அசைகிறது. காற்றுதான். காற்றுதான்.

எழுது. முதலில் இது பட்டாளத்துக் குதிரை லாயம். பிறகு பஞ்ச காலத்தில் தானியக் கிடங்கு. அப்புறம்தான் அதை இடித்துவிட்டு ஆஸ்பத்திரி கட்டினார்கள், அப்போது அதற்கு வேறு பெயர். நடுவில் மணிக்கூண்டு, வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். உள் மூலைகளெல்லாம் வளைத்துப் பூசியிருக்கும், தலை மோதினால் அடிபடாதபடி. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும், உள்ளே முட்டுக் கொடுத்து அடைத்துக்கொள்ள முடியாதபடி. தாழ்ப்பாள் வெளியில். எங்கள் வீட்டு அறைக் கதவிலும் இன்னும் அந்தப் பழைய இரும்புத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து மழுங்கிப்போய், உள்ளே புதிதாக ஒன்று இவர் போட்டார். சுற்றுமதிலைப் பற்றிச் சொல்லும்போதுதான் இவருக்கு உற்சாகம் தாங்காது. மதிலுக்கு உட்புறம் ஒட்டினாற்போல ஒரு பள்ளம் வெட்டி, மதிலை அந்தப் பள்ளத்திலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இடுப்பளவு மதில், அதற்கு அந்தப் பக்கம் வயல், பனைமரம், வானம், ஜெயில் மாதிரியே தெரியாது. கிட்டே போனால்தான் பள்ளம், இறங்கினால் மதில் இரண்டு ஆள் உயரம். "சிறையில இருக்கோம்னு தோணவே கூடாதாம், எவ்ளோ நாகரிகம்" என்றார். நாகரிகந்தான். கிட்டே போகிறவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். பெண்கள் கட்டடம் இடம் போதாமல் எதிரே புதிதாகக் கட்டியபோது, பழைய வார்டில் தடுப்புச் சுவர் எழுப்பி வீடுகளாக்கிவிட்டார்கள், அதில் ஒன்று எங்களுடையது. தடுப்புச் சுவர் சரியாக ஒரு சன்னலின் நடுவில் வந்து இடிக்கிறது, பாதிச் சன்னல் எங்களுக்கு, பாதி வேதநாயகி அக்காவுக்கு, அவள் வீட்டுக்காரர் இங்கே மருந்து கொடுக்கிறவர், அவர் குறட்டை எங்களுக்குப் பாதி. இதையெல்லாம் எழுதலாம். எழுதக் கூடாதது இந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற அடைத்த துவாரம். செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், பூச்சு வேறு நிறத்தில் சதுரமாகத் தெரிகிறது, கம்பிகளை அறுத்த துண்டுகள் விளிம்பில் கறுப்புப் பற்கள் மாதிரி நிற்கின்றன. இவர் வரைபடத்தில், சோறு கொடுக்கும் துவாரம் என்று எழுதியிருக்கிறார், மேலதிகாரி அப்படிச் சொன்னாராம். எனக்கு முதலில் பார்த்ததுமே தெரிந்தது அது இல்லை என்று. சோறு கொடுக்கிற வழியில் தட்டு வைக்க ஒரு மேடை வேண்டாமா. கம்பிகள் நெருக்கம், ஒரு டம்ளர் நுழையாது. இந்தக் கட்டடத்தில் மற்ற எல்லாச் சன்னலும் எட்டாத உயரத்தில், இது ஒன்றுதான் தாழ்வு, எவ்வளவு தாழ்வு என்றால் தரையில் உட்கார்ந்த ஒரு பெண்ணுடைய கண் உயரம். உட்கார்ந்து பார்த்தேன். சரியாக இருந்தது. உள்ளே வந்த பிறகு பிள்ளை பெற்றவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா, நூறு வருஷத்தில், பிள்ளையை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பார்க்க மட்டும். எங்கேயும் எழுதியிருக்கவில்லை, என் ஊகந்தான், நான் ஊகித்துவிட்டேன் என்பதே போதும், இப்போது சமையலறைக்குப் போனால் நான் பிள்ளை இருக்கிற பக்கம், இங்கே வந்தால் நான் அவள் பக்கம்.

விழித்துவிட்டான். முதலில் அந்தச் சின்ன முனகல், பூனை கதவைப் பிறாண்டுகிற மாதிரி, பிறகு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் நான் ஒவ்வொரு தடவையும் சாமி தூங்கிவிடட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், எந்தச் சாமி என்று தெரியாமல், பிறகு முழு அழுகை. மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை பாருங்கள், அது பாட்டுக்கு அம்மாவாக இருக்கிறது. எழுந்தேன். தூளித் துணியை விலக்கினேன். முகம் சிவந்து, வாயைத் திறந்து, அந்தத் தலை, செதில் தலை, அழும்போது உச்சிக்குழி புடைத்துப் புடைத்து இறங்குகிறது. என் கை ஏற்கெனவே நீண்டிருந்தது. எடுக்கத்தான் நீண்டது. எடுக்கத்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா, சிஸ்டர், சாக்பீஸை வைத்துக்கொண்டு கேட்டால். தொட்டேன், தலையை இல்லை, கழுத்துக்குக் கீழே, தூக்கிப் பாயில் கிடத்தினேன், சுற்றிலும் தலையணை வைத்தேன், பின்பக்கமாகவே நடந்து, பின்பக்கமாகவே, முகத்தை அவனிடமிருந்து எடுக்காமல், வெளியே வந்து கதவைச் சாத்தி அந்த மழுங்கின தாழ்ப்பாளைத் தள்ளினேன். நகரவில்லை. பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அடித்தேன், மறுபடி அடித்தேன், பெயின்ட் உதிர்ந்து இறங்கியது, வழுக்கிக்கொண்டு இறங்கியது, நேற்றுத்தான் எண்ணெய் போட்ட மாதிரி. கதவில் முதுகைச் சாய்த்துக் கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். அவன் உள்ளே. நான் வெளியே. இப்போது அவனுக்கு ஒன்றும் ஆகாது. அழுகையைத் தவிர ஒன்றும் ஆகாது, அழுதால் யாரும் செத்துப்போவதில்லை, அம்மாவே சொல்வாள், நுரையீரல் விரியட்டும் என்று. வெளித் தாழ்ப்பாளை யாருக்காக வைத்தார்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேனே, திருத்த வேண்டும், எந்தப் பக்கம் ஆபத்து இருக்கிறது என்று கட்டினவனுக்குத் தெரியாது.

"கபிலன் அம்மா!" வேதநாயகி அக்கா, பாதிச் சன்னலிலிருந்து, அந்த அறை வழியாக அவள் குரல் அவன் அழுகைக்கு மேல் வருகிறது. "ஏண்டி, பிள்ளை கத்துது, எங்க போயிட்ட?" இங்கேதான் இருக்கேன் அக்கா என்று கத்தினேன். "இங்கன்னா எங்க?" அடுப்பில பால் இருக்குக்கா. "அடுப்புல இருக்கற பால அப்புறம் பாரு, அவனுக்கு வேண்டிய பால் உங்கிட்ட இருக்கு." சிரிக்கிறாள். "இல்ல, உங்க எஞ்சினியர் பிளான் போட்டு சாங்ஷன் பண்ணாதான் குடுப்பியா?" வர்றேன்க்கா. குரல் இயல்பாகத்தான் வந்தது. "எம் பொண்ணு, நான் எந்திரிக்கறதுக்குள்ள அது எந்திரிச்சு வந்துடும் போல கத்தும். போ போ, எடு." பிறகு அவள் வீட்டு ரேடியோ. அவளிடம் சொல்லலாம். அக்கா, எனக்குப் பயமா இருக்கு, இவனைக் கொஞ்சம் வச்சுக்கோங்க. வைத்துக்கொள்வாள், தாராளமாக வைத்துக்கொள்வாள், வைத்துக்கொண்டு என்ன பயம் என்று கேட்பாள், ராத்திரி அவள் வீட்டுக்காரரிடம் சொல்வாள், அவர் காலையில் டாக்டரிடம் சொல்வார், மதியத்துக்குள் எனக்கு ஒரு நோட்டில் பெயர் விழும். எதிர்க் கட்டடத்துக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு மண்பாதை, அவ்வளவுதான், நடுவில் ஒரு செம்பருத்திச் செடி. சாயங்காலம் அங்கே பெண்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வார்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. அதில் ஒருத்தி என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். நான் தலையாட்டினதில்லை. வரிசையில் கடைசி இடம் எப்போதும் காலியாக இருப்பதாக எனக்குத் தோன்றும், பின்னுவதற்கு ஆள் இல்லாமல் கடைசிப் பெண் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பாள். அழுகை மாறிவிட்டது. கோபம் போய்விட்டது அதில், கெஞ்சுகிறான், இப்போது விக்குகிறான். கதவு என் முதுகில் அதிர்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவு கனமான தேக்குக் கதவு ஒரு இரண்டு மாதக் குழந்தையின் அழுகைக்கு அதிராது, என் முதுகுதான் அதிர்கிறது. எவ்வளவு நேரம் ஆயிற்று. கூடத்து வெயில் சுவரில் ஏறிவிட்டது. நான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேனா, பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேனா. இதுதான் அது. இதுதான் மூன்றாம் படி. நினைத்துப் பயந்தது ஒன்று, கை செய்வது வேறொன்று, கத்தி வேண்டாம், வெந்நீர் வேண்டாம், ஒரு தாழ்ப்பாள் போதும்.

திறந்துவிட எழுந்தபோது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. இவர் வந்துவிட்டார், கையில் சுருட்டின வரைபடம், "மேடம், கட்டுரை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டே. பிறகுதான் அழுகை காதில் விழுந்தது. பிறகு தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"என்ன இது, வெளியில போட்டிருக்கு? காத்துல சாத்திக்கிச்சா?"

"நான்தான் போட்டேன்."

அவர் என்னை நகர்த்திவிட்டுத் திறந்து உள்ளே போய் அவனைத் தூக்கினார், தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, எவ்வளவு சாதாரணமாக. "அடடா அடடா, யார் அடிச்சா எங்க ராஜாவ?" விக்கல் நின்றது. அவர் சட்டையில் எச்சில். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"என்னங்க. இவனை நான் ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு."

"என்ன பண்ணிடுவ?"

"கொன்னுடுவேன்."

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பாதிச் சன்னலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "அக்காகிட்ட ஏதாவது சொன்னியா?"

"இல்ல."

"நல்ல வேளை." மூச்சு விட்டார். பிறகு சிரிக்கப் பார்த்தார், பாவம், நல்ல மனிதர், ஒரு நாளும் கை ஓங்கினதில்லை. "தூக்கமே இல்ல உனக்கு, அதான். உங்கம்மாவ வரச்சொல்லுவோம். சும்மா பைத்தியக்காரி மாதிரி உளறாத, அதுவும் இந்தக் காம்பவுண்டுல உக்காந்துக்கிட்டு. இந்தா, முதல்ல பாலக் குடு. நான் ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கிட்டு வந்துடறேன்." அவனை என் கையில் வைத்துவிட்டுத் துண்டை உருவிக்கொண்டு போனார். குளியலறையில் வாளி நிரம்புகிற சத்தம்.

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் அவன் என் கையில்தான். உட்கார்ந்து கொடுத்தேன், அவசர அவசரமாகக் குடித்தான், நெற்றியில் வேர்வை, ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு. நான் அவன் தலைக்கு அடியில் முழங்கையை மட்டும் கொடுத்து, இரண்டு கையையும் முஷ்டியாக மூடிவைத்திருந்தேன், நகம் உள்ளங்கையில் அழுந்தியது. அடுத்த தடவை இவர் ஆபீஸில் இருப்பார். அடுத்த தடவை தாழ்ப்பாள் போட எனக்குத் தோன்றாமல் போகலாம். சொம்புச் சத்தம் நிற்பதற்குள் எழுந்தேன், செருப்பைத் தேடவில்லை, முந்தானையை இழுத்து அவன்மேல் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தேன். மண்பாதை இன்னும் சுட்டது. செம்பருத்தியைத் தாண்டும்போது கால் தானாக நின்றது, இங்கிருந்து வீடும் அதுவும் ஒரே தூரம். பின்னால் இவர் குரல், "தமயந்தி, சோப்பு எங்க?" என்று கேட்டது. நான் எதிர்க் கட்டடத்துப் படியை நோக்கி நடந்தேன்.

வராந்தாவில் பெண்கள் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறினதும் பின்னுகிற கைகள் நின்றன. மேசைக்குப் பின்னால் நர்ஸ், நடுவயது, டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தவள், குழந்தையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஜுரமா? குழந்தைங்களுக்கு இங்க பாக்கறதில்லையே, பெரியாஸ்பத்திரிக்கு இல்ல போகணும்" என்றாள். உற்றுப் பார்த்தாள். "நீங்க எஞ்சினியர் சார் வீட்டு அம்மாதானே?"

"ஆமா."

"சார் அனுப்பினாரா? எங்கயாச்சும் ஒழுகுதா?"

"டாக்டரைப் பாக்கணும்."

"யாருக்கும்மா?"

கேட்டுவிட்டாள். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், வரிசையில் இருந்தவர்களும். திரும்பினால் இன்னும் திரும்பலாம், ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு.

"எனக்கு."

பிஸ்கட் ஒடிந்து டீயில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மூடியிருந்த என் கைகளை. நாற்காலியை இழுத்துப்போட்டாள். "வாங்க. உக்காருங்க முதல்ல."

"உக்கார்றேன்" என்றேன். "அதுக்கு முன்னால இவனை வாங்கிக்கோங்க."